திருவந்திபுரம் மலையில் போட்ட நாத்தனார் முடிச்சு

கொரோனா அடங்கி, கல்யாணங்களில் மறுபடியும் கூட்டம் சேர ஆரம்பித்திருந்த வருஷம். ஆவணி மாதத்துப் பெரிய முகூர்த்த நாள் ஒன்றில், கடலூரை அடுத்த திருவந்திபுரம் மலைமேல் இது நடந்தது.

எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு அந்த மலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கீழே பெருமாள் கோயில், பக்கத்தில் கெடிலம் ஆறு, எதிரே சின்னதாக ஒரு குன்று. எங்கள் ஜில்லா முக்கால்வாசி சமதரையாகவே கிடப்பதால் அது எங்களுக்கு மலை. முகூர்த்த நாளில் அதன்மேல் நடக்கிற கல்யாணங்களுக்குக் கணக்கே கிடையாது. வேண்டிக்கொண்டவர்கள், செலவைச் சுருக்க நினைப்பவர்கள், வயது ஏறிப்போய் ஊரைக் கூட்டக் கூச்சப்படுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் வருவார்கள். ஒரு கல்யாணத்துக்கும் அடுத்த கல்யாணத்துக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடம் இருந்தால் அதிகம். யார் வீட்டு மேளத்துக்கு யார் தாலி கட்டுகிறார்கள் என்றே தெரியாது.

நான் சிதம்பரத்துக்குக் கிழக்கே, கிள்ளையையும் தாண்டி, கடலோரத்துக் குப்பத்தில் இருப்பவள். மீன் விற்றுக் குடும்பத்தை நிமிர்த்தியவள். எழுத்து அவ்வளவாக வராது. பஸ் பலகையைக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்து போடுவேன், மெதுவாக எழுதினால் இப்படி எழுதவும் செய்வேன். ஆனால் இந்த வயது வரைக்கும் யார் வாசலிலும் போய்க் கூனி நின்றதில்லை.

எனக்கு ஒரே தம்பி. அவன் நடை பழகுவதற்குள் அம்மா போய்விட்டாள். என் இடுப்பில் வளர்ந்தவன். நான் கல்யாணமாகிப் போனபோது அவனும் கூடவே வந்துவிட்டான். "உங்க வூட்டு சீர்வரிசையில எனக்குப் புடிச்சது இந்த மச்சான்தான்" என்று என் வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் என்னிடம் சொல்லிச் சிரிப்பார். சுனாமி வந்தபோது அப்பாவும் போனார், வீடும் போனது. அதற்கப்புறம் தம்பி கடல் பக்கமே இறங்கவில்லை. கடலூர் போய், குடிகாட்டுப் பக்கம் தொழிற்பேட்டையில் ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுவான். இப்படியே தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது.

பெண்ணை நான்தான் கண்டுபிடித்தேன். அண்ணாமலை நகரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலுக்கு மீன் கொடுப்பேன். அங்கே சமையல் பார்த்த பெண், கடலூர் முதுநகர்க்காரி. அவளும் நாற்பதைத் தாண்டியவள். தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தன்னை மறந்து போனவள். மீன் எடை போடும்போது தராசைப் பார்க்கமாட்டாள், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பேசி முடித்தேன். தம்பியும் எப்படியோ சரி என்று தலையாட்டினான்.

சிக்கல் எங்கே வந்தது என்றால் முடிச்சில் வந்தது. எங்கள் பக்கத்தில் தாலி கட்டும்போது முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் அவன் அக்காவோ தங்கையோ பெண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்பார்கள். அவனுக்கு நான் ஒருத்திதான் கூடப் பிறந்தவள். ஆனால் என் வீட்டுக்காரர் அதற்குச் சில வருஷம் முன்பே நெஞ்சு வலியில் தவறிவிட்டார். தாலி இழந்தவள் இன்னொருத்தி கழுத்தில் தாலி முடிவதை யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

வெற்றிலை பாக்கு மாற்றின அன்றைக்குப் பெண்ணின் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் சித்தி மகள் ஒருத்தி இருக்கிறாளே, முடிச்சை அவளே போடட்டும், எனக்கு எதற்கு வீண் சிரமம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னால் எனக்குப் புரியாதா? நானும் சிரித்துக்கொண்டே, அப்படியே ஆகட்டும் என்றேன். தம்பி காதில் விழுந்துவிட்டது. சபையிலேயே என் பக்கம் திரும்பினான்.

"என்னத் தூக்கி வளக்கும்போது நல்ல சகுனம் பாத்தியா நீ? நீதான் போடற. மாமா இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாரு."

அந்த அம்மாள் முகம் சுருங்கியது. பெண் தலை குனிந்திருந்தாள், அவள் மனசில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். தம்பி பிடிவாதக்காரன், விடமாட்டான். நான் போய் முடிச்சு போட்டு, நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு தலைவலி வந்தால்கூட என் கையைத்தான் சொல்வார்கள். பேச்சு வாங்க எனக்குப் பயமில்லை. ஆனால் அவர்கள் வாழ்க்கையில் அந்தப் பேச்சு கிடந்து உறுத்துமே. அதனால் எனக்குள் ஒரு முடிவு செய்துகொண்டேன். சனமெல்லாம் முதல் நாளே கடலூர் போய்விட்டது. ஆட்டைக் கட்டிவிட்டு விடியற்காலை முதல் பஸ்ஸில் வருகிறேன் என்று நான் தங்கிவிட்டேன். விடிந்ததும் முதல் பஸ் வந்தது. அது போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். கொஞ்சம் பிந்திப் போனால் நேரத்துக்கு நான் இருக்கமாட்டேன். சித்தி மகள் முடிச்சைப் போட்டுவிடுவாள். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை, என் மரியாதையும் போகாது. அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அடுத்த பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அந்த வழி முழுக்க எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அண்ணாமலை நகரில் படிக்கிற பிள்ளைகள் ஏறும். சிதம்பரத்தில் இறங்கினால் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு கோபுரமாவது தலை காட்டும். அங்கிருந்து கடலூர் பஸ்ஸில் வெள்ளாற்றைத் தாண்டினால், வலது பக்கம் எங்கேயோ கடல் கூடவே வருகிறது என்று காற்றிலேயே தெரிந்துவிடும். பரங்கிப்பேட்டையில் கப்பல் வந்த கதையும், தேவனாம்பட்டினத்தில் வெள்ளைக்காரன் கோட்டை கட்டிய கதையும் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஜில்லா என்றால் இந்தக் கடலோரம்தான். நெய்வேலிக்கு மேற்கே என்ன இருக்கிறது என்று அன்று வரை நான் யோசித்ததுகூட இல்லை.

ஆலப்பாக்கம் தாண்டும்போது போன் அடித்தது. தம்பி.

எங்கே இருக்கிறாய் என்று கேட்டான். வந்துகொண்டே இருக்கிறேன், கூட்டம் ஜாஸ்தி, எனக்காகப் பார்க்க வேண்டாம், சித்தி மகளை உட்கார வைத்துக் கட்டிவிடு என்றேன். அவன் பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

"தாலியக் கையில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்க்கா. நீ வந்தாதான் கட்டுவேன். நேரம் போனா போவட்டும், எனக்கு இந்த வயசுல கல்யாணம் ஒண்ணுதான் கொற." போனை வைத்துவிட்டான்.

அவன் சொன்னால் செய்வான். முகூர்த்தம் தவறினால் பெண் வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். ஊருக்கெல்லாம் உழைத்துவிட்டு இப்போதுதான் தனக்கென்று ஒரு மாலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? அவளைச் சபையில் தனியாக உட்கார வைத்த பழி என் தலையில்தானே விழும். கண்டக்டரிடம் போய், கொஞ்சம் சீக்கிரம் விடச் சொல்லுப்பா, என் தம்பி தாலியோடு காத்திருக்கிறான் என்றேன்.

"ஆயா, இந்த பஸ்ஸுல பாதிப் பேரு கல்யாணத்துக்குத்தான் போறாங்க. எல்லாருக்கும் எவனோ ஒருத்தன் காத்துக்கிட்டுதான் இருப்பான்" என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குடிகாட்டுப் புகைக்கூண்டுகள், முதுநகர், உப்பனாறு எல்லாம் அன்றைக்கு நத்தை மாதிரி நகர்ந்தன. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். திருவந்திபுரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வேனும் காருமாக ரோடு அடைத்துக்கொண்டது. ஆட்டோக்காரர் கையை விரித்தார். இறங்கி நடந்தேன். நடந்தேன் என்பதைவிட ஓடினேன். மலைப்படியில் ஏறும்போது செருப்பு ஒன்று எங்கே போனது என்று தெரியவில்லை. மற்றதையும் உதறிவிட்டு ஏறினேன்.

மேலே ஒரே புகை, மேளம், மல்லிகை வாசம். தம்பிக்குப் பார்த்த பெண்ணுக்கு அரக்கு கலர் புடவை. நான்தான் கூடப் போய் எடுத்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அங்கே முக்கால்வாசிப் பெண்கள் அரக்கு கலரில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் போவது என்று முழிக்கும்போது, கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது.

"நாத்தனா எங்கப்பா? நாத்தனா இன்னும் வரலியா? நேரம் போவுது."

எனக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்தேன். "தள்ளு, தள்ளு, நாத்தனா வந்துட்டாங்க" என்று யாரோ என் முதுகில் கை வைத்து உள்ளே அனுப்பினார்கள். அரக்குப் புடவை, குனிந்த கழுத்து, ஒதுக்கிவிட்ட மாலை. முதல் முடிச்சு போட்டு, கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் கை. அவ்வளவுதான் பார்த்தேன். மண்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு முடிச்சையும் போட்டேன். சின்ன வயதில் வலை முடிந்த கை. அவிழ்க்க வேண்டும் என்றால் அறுக்கத்தான் வேண்டும், அப்படிப் போட்டேன். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தாலியில் குங்குமம் வைத்தேன். "பிடிவாதம் புடிச்சவனே" என்று சொல்லி நிமிர்ந்து தம்பி முகத்தைப் பார்த்தேன்.

அது தம்பி இல்லை.

கெட்டி மீசை வைத்த யாரோ ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்ணும் திரும்பினாள். அவளையும் நான் பார்த்ததில்லை.

"நீ யாருப்பா?" என்றேன் நான். அவன் கேட்க வேண்டியதை நான் கேட்டுவிட்டேன்.

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். அவர்கள் பண்ருட்டிக்கு மேற்கே முந்திரிக்காட்டு ஊர்க்காரர்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்த பெண் கிடையாது. பெரியப்பா மகள்தான் முடிச்சு போட வேண்டியவள். பத்திரிகையில் அவள் வீட்டுக்காரர் பெயர் விட்டுப்போய்விட்டது. அந்தக் கோபத்தில் அவள் கீழே வேனை விட்டு இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளையின் மாமா போய்க் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு மேலே வருவதற்கும், நான் முடித்துவிட்டு நிமிர்வதற்கும் சரியாக இருந்தது.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்க, ரோட்டுல போறவங்கள வச்சு முடிச்சு போட்டுட்டீங்களா?"

"குத்துக்கல்லு வேன்லதான இருந்துச்சு" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவளுக்கு இன்னும் ஏறிவிட்டது. அந்த முடிச்சை அவிழ்த்துவிடுங்கள், நான் மறுபடியும் போடுகிறேன் என்றாள். கட்டிய தாலியை அவிழ்ப்பதா என்று பெண் வீட்டார் பதறினார்கள். ஆளாளுக்குப் பேச்சு. அப்போது பெண்ணின் சொந்தத்தில் பெரியவர் ஒருவர் எல்லோரையும் அடக்கிவிட்டு என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

"தெரியாம நடந்துபோச்சு, அத வுடுங்க. நீங்க சுமங்கலிதானேம்மா?"

நான் நெற்றியில் சின்னதாக ஒட்டுப்பொட்டு வைத்திருந்தேன். கலர் புடவை கட்டியிருந்தேன். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்த இடத்தில் அத்தோடு முடிந்திருக்கும், நான் தம்பியைத் தேடிப் போயிருப்பேன். ஆனால் என் வீட்டுக்காரரை உயிரோடு இருப்பதாகச் சொல்லிப் பிழைக்க எனக்கு வாய் வரவில்லை.

"இல்லீங்க. எங்க வூட்டுக்காரரு தவறிட்டாரு" என்றேன்.

பக்கத்துக் கல்யாணத்து மேளம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அதைப் பார்த்ததும் எனக்குப் பூமி பிளந்துவிடாதா என்று இருந்தது. யாருக்கு நடக்கக்கூடாது என்று பஸ்ஸை விட்டேனோ, அது முகம் தெரியாத ஒரு பெண்ணுக்கு நடந்துவிட்டது.

அப்போது ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மாள் வந்தார். என் வயது இருக்கும். நெற்றியில் வெறும் திருநீறு. விரலெல்லாம் முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துக் கறுத்துப்போன கை. அவர்தான் மாப்பிள்ளையைப் பெற்றவர். பெற்ற பிள்ளைக்குத் தாலி கட்டும் நேரத்தில் தூணுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். அவர் என்னைத் திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நேராக மருமகளிடம் போனார். அவள் கழுத்தில் முடிச்சு இருந்த இடத்தில் அந்தக் கறுத்த விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

"தானே புயல் அடிச்ச அன்னிக்கு எங்க கொல்லையில ஒரு மரம் நிக்கல. அன்னிக்கு எங்கழுத்துல தாலி இருந்துச்சு, தலையில பூ இருந்துச்சு, எல்லாந்தான் இருந்துச்சு. முடிச்சு கெட்டியா இருக்குது. யாரும் தொடாதீங்க."

அந்தம்மா குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் யாரும் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. பெண் எழுந்தாள். மாலையோடு குனிந்து என் காலைத் தொட்டாள். "ஆசீர்வாதம் பண்ணுங்க அண்ணி" என்றாள். அந்த அண்ணி என்ற சொல்லில்தான் எனக்கு நினைவே வந்தது.

"ஐயோ, என் தம்பி தாலியோட காத்துகிட்டு இருக்கானே" என்று கத்திவிட்டேன்.

அவ்வளவு பெரிய சண்டை நின்ற இடம் ஒரே நொடியில் மாறிவிட்டது. எந்தப் பக்கம், என்ன கலர், மாப்பிள்ளை எப்படி இருப்பார் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கோபமாக உட்கார்ந்திருப்பான், அதுதான் அடையாளம் என்றேன். மீசைக்கார மாப்பிள்ளை கழுத்து மாலையோடு முன்னால் போய் வழி விலக்கினான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கல்யாணம் கல்யாணமாக நுழைந்தார். காலையிலிருந்து தூணை விட்டு வராதவர், இப்போது யார் யார் வீட்டு ஓமத்துக்கும் குறுக்கே என்னை இழுத்துக்கொண்டு போகிறார். ஒரு இடத்தில் ஒருவர் எங்களைத் திட்டக்கூடச் செய்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பி அந்தக் கோடியில் இருந்தான். தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, நான் சொன்ன மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு. நல்ல நேரம் முடியக் கொஞ்சம்தான் இருந்தது. பெண்ணின் அத்தை, சித்தி மகளைப் பெண்ணுக்குப் பின்னால் உட்கார வைத்தே விட்டார். என்னைப் பார்த்ததும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். தாலியைத் தூக்கினான்.

நான் நின்றுவிட்டேன். இப்போதுதான் ஒரு சபையில் என் வாயாலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் கை கழுத்துக்குப் போனது கண்ணிலேயே நிற்கிறது. நீயே போடம்மா என்று சித்தி மகளிடம் சொல்ல வாயெடுத்தேன். அந்த முந்திரிக்காட்டு அம்மாள் என் முதுகில் கையை வைத்து அழுத்தினார்.

"அங்க போட்ட கைதான, இங்க போட்டா இன்னா?"

அத்தைக்காரம்மாள், இவர் யார் என்று கேட்டார். "சம்பந்தி வூடு" என்றார் அவர், கொஞ்சமும் யோசிக்காமல். அந்த நேரத்தில் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். தன் மாலையைத் தானே ஒதுக்கி, சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, என் பக்கமாகக் கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். சித்தி மகள் தானாகவே எழுந்து எனக்கு இடம் விட்டாள். தம்பி முதல் முடிச்சைப் போட்டான். நான் மற்ற இரண்டையும் போட்டேன். கண்ணீரில் கயிறு தெரியவில்லை, கைதான் போட்டது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சிரிப்புத்தான். அவர்கள் பந்தியில் நாங்கள் சாப்பிட்டோம், எங்கள் பந்தியில் அவர்கள் சாப்பிட்டார்கள். முடிச்சு போடும் நாத்தனாருக்குப் பெண் வீட்டார் புடவை வைத்துக் கொடுப்பது வழக்கம். அந்தப் பெண் வீட்டார் பச்சைப் பட்டு ஒன்றைத் தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார்கள். பெரியப்பா மகள் ஒரு ஓரமாக உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டோடு கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். உன் வேலையை நான் செய்தேன், கூலி உனக்குத்தான் என்றேன். அவள் கொஞ்ச நேரம் முறைத்தாள். அப்புறம் எழுந்து வந்து என் இலையில் அவளே பாயசம் ஊற்றினாள். பத்திரிகையில் பெயர் விட்டவன் இலைக்கு மட்டும் கடைசி வரை ஊற்றவில்லை.

அந்த வருஷத் தீபாவளிக்கே அவர்களிடமிருந்து போன் வந்தது. வெயில் காலத்தில் தம்பியும் பெண்டாட்டியும் என்னையும் அழைத்துக்கொண்டு போனார்கள். நெய்வேலிக்குப் போகிற ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் மண்ணே வேறு கலர். செக்கச்செவேல் என்று இருக்கிறது. எங்கள் மணல் மாதிரி காலைச் சுடவில்லை, ஒட்டிக்கொள்கிறது. தலைக்கு மேல் வளர்ந்த முந்திரி மரங்கள், நடு நடுவே பலா. புயலுக்கப்புறம் மறுபடியும் வைத்தது, இப்போதுதான் பழைய மாதிரி காய்க்கிறது என்றார் அந்த அம்மாள். மரம் விழுந்த பிறகு அவர் வீட்டுக்காரர் ஒடுங்கிப் போய்ப் படுத்ததையும், எழுந்திருக்காமலே போனதையும், மகன் கல்யாணம் அப்படியே தள்ளிப்போனதையும் அன்றைக்குத்தான் சொன்னார். நான் சுனாமியைச் சொன்னேன். ஒரே ஜில்லாவில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, அவரவர் பட்டதுதான் பெரிசு என்று இருவருமே நினைத்திருந்தோம். பேசி முடித்துவிட்டு, ஆளுக்கு ஒரு பலாச்சுளையை எடுத்துக்கொண்டோம். அதைவிட வேறென்ன செய்வது?

அவர்கள் எங்கள் ஊருக்கு மாசி மகத்துக்கு வந்தார்கள். மேற்கே ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் அன்றைக்கு எங்கள் கிள்ளைக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். வழியில் முஸ்லிம் சனங்கள் மாலையோடு நின்று வரவேற்பார்கள், தர்காவுக்கும் கோயில் மரியாதை போகும். எங்களுக்கு அது வருஷா வருஷம் பார்க்கிறதுதான். அந்த அம்மாளுக்கு எல்லாமே புதிது. கடலூர் மாவட்டத்திலேயே பிறந்து, வாழ்க்கைப்பட்டு, பேரன் எடுக்கிற வயது வரை அவர் கடலைக் கண்ணால் பார்த்ததில்லையாம். அலை காலில் பட்டதும் புடவையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். பிறகு மெல்லத் திரும்பி வந்து ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டு, முகத்தைச் சுளித்தார்.

"எங்க பக்கத்து சாமியே வருஷம் தவறாம இங்க வருது. எங்களுக்குத்தான் வர வழி தெரியல" என்றார்.

இப்போது இரண்டு வீட்டிலும் குழந்தை இருக்கிறது. முந்திரிக்காட்டு மருமகளுக்குப் பெண் பிள்ளை. என் தம்பி பெண்டாட்டிக்கு, இந்த வயதில் எதற்கு என்று ஊர் பேசினதையும் மீறி, ஒரு பையன். எங்கள் ஊரிலிருந்து இறால் கருவாடு மேற்கே போகும், மேற்கிலிருந்து முந்திரியும் பலாவும் கிழக்கே வரும். போன தை மாதம் பெரியப்பா மகள் வீட்டில் கல்யாணம். பெண்ணுக்குப் பூ வைக்க அவள் முதலில் கூப்பிட்டது அந்த முந்திரிக்காட்டு அம்மாளை. அவர் தயங்கி என்னைப் பார்த்தார். நானும் எழுந்து கூடவே போய் நின்றேன்.

அன்றைக்கு மலைமேல், வேறு வீட்டுப் பெண் என்று தெரிந்தே அந்த முந்திரிக்காட்டு மருமகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் என் கை நடுங்கியிருக்கும். யாரென்று தெரியாமல் போட்டதால்தான் அது கெட்டியாக விழுந்தது, என் கையில் ஒரு குறையும் இல்லை என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.